ஜப்பானில் இரவு ஏழு மணிப் பசி: தெய்ஷோகுவா, ராமெனா, சுஷியா, இசகாயாவா?

டோக்கியோவின் மையத்திலிருந்து அரை மணி நேரம் ரயிலில் வந்து எந்தப் புறநகர் நிலையத்தில் இறங்கினாலும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். நிலைய வாசலிலிருந்து ஐந்து நிமிடம் நடப்பதற்குள் ஏழெட்டுச் சாப்பாட்டுக் கடைகள் வந்துவிடும். ஒன்றின் வாசலில் துணித்திரை, அடுத்ததில் சிவப்புக் காகித விளக்கு, இன்னொன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக்கில் செய்த மீனும் சோறும். வேலைக்கோ சுற்றுலாவுக்கோ புதிதாக வந்த நம்மவர்கள் பலர் கைப்பேசியில் நட்சத்திரக் குறி பார்த்து உள்ளே நுழைகிறார்கள். இங்கே அந்தப் பழக்கம் அவ்வளவாக உதவாது. சின்னக் கடை பெரும்பாலும் ஒரே வகைச் சாப்பாட்டைத்தான் போடும். ராமென் (சூடான சாற்றில் நூடுல்ஸ்) கடையில் சுஷி (சோற்றின் மேல் மீன் துண்டு) கேட்க முடியாது, சுஷிக் கடையில் பொரித்த கோழியை நம்பிப் போக முடியாது. நல்ல கடை எது என்று தேடுவதற்கு முன்னால் எந்த வகைக் கடை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த முடிவுக்குத்தான் இந்த ஒப்பீடு.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மீன் சாப்பிடுகிறவர் தனியாகவோ இருவராகவோ போனால் தெய்ஷோகு, அதாவது ஒரு தட்டுச் சாப்பாட்டுக் கடை. குழந்தைகளோடு போனால் சுஷித் தட்டுகள் பட்டையில் ஓடிவரும் சுழல் சுஷி. நான்கு பேர் உட்கார்ந்து பேச வேண்டுமானால் இசகாயா, அதாவது மதுவும் சின்னத் தட்டுப் பண்டங்களும் விற்கும் கடை. முழுச் சைவர்களுக்கும் இசகாயாதான் ஓரளவு கைகொடுக்கும். சாராயக் கடை எப்படிச் சைவர்களுக்கு என்று கேட்பீர்கள். அதற்குத் தாஷி என்ற சாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தாஷி: கண்ணுக்குத் தெரியாத மீன்

ஜப்பானியச் சமையலில் நம் புளித்தண்ணீர், பருப்புத்தண்ணீர் இருக்கும் இடத்தில் தாஷி இருக்கிறது. கொம்பு என்னும் கடற்பாசியையும், கத்சுவோபுஷி என்னும் காய்ந்த மீன் சீவலையும் வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. கத்சுவோபுஷி நமக்கு அந்நியமான பொருள் அல்ல. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைத்துச் செய்வது. யாழ்ப்பாணத்துச் சமையலறையிலும் தூத்துக்குடிக் கடைகளிலும் இருக்கும் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. மாசியைச் சம்பலுக்கு இடிப்பார்கள், இதை மெல்லிய ஏடாகச் சீவுவார்கள். கொம்பின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908இல் கண்டறிந்தவர் இகேதா கிகுனாயே. அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டவரும் அவர்தான்.

இதனால் வரும் சிக்கல் என்னவென்றால், தட்டில் மீனே தெரியாத பல பண்டங்களில் மீன் இருக்கிறது. மிசோ என்ற நொதித்த சோயா விழுதில் செய்யும் சூப்பில் இருக்கிறது. முட்டைச் சுருளில் இருக்கிறது. வேகவைத்த பூசணிக்காயிலும் கீரையிலும் இருக்கிறது. தோஃபு என்ற சோயாப்பால் கட்டியைப் பொரித்து இனிப்பூட்டிய பைக்குள் சோறு வைத்த இனாரி சுஷியிலும் பெரும்பாலும் இருக்கிறது. நத்தோ என்ற நொதித்த சோயாவோடு வரும் குட்டிப் பொட்டலச் சாற்றில்கூட மீன் சாரம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு மேசையில் இருக்கும் சோயா சாஸ் ஊற்றிக்கொள்ளலாம்.

‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் பல கடைக்காரர்கள் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்கில் தாஷி ஒரு சாறுதான், மீன் அல்ல. ‘நிக்கு தோ சகானா வா தபெமாசென்’ (இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை) என்று சொல்லி, கூடவே ‘தாஷி மோ டமே டெஸ்’ (தாஷியும் ஆகாது) என்று சேர்த்தால்தான் விஷயம் புரியும். இன்னொரு நுணுக்கம்: ஒசாகா, கியோத்தோ பக்கம் ‘நிக்கு’ என்றாலே மாட்டிறைச்சியைத்தான் நினைப்பார்கள். பன்றிக்கு ‘புத்தா’, கோழிக்கு ‘தோரி’ என்று தனித்தனியே சொல்லிவிடுவது நல்லது.

தாஷி இருந்தால் பரவாயில்லை, மீன் துண்டு மட்டும் வேண்டாம் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் தேர்வுகள் பல மடங்கு கூடும். எந்தக் கோடு என்பது அவரவர் மனசாட்சி. ஆனால் கடைக்குள் போய் உட்கார்ந்த பிறகு அதை யோசிக்கக் கூடாது. வெளியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தெய்ஷோகு: ஒரு தட்டுச் சாப்பாடு

நம் ஊர் அளவுச் சாப்பாட்டுக்கு நேரான ஜப்பானியச் சொல் தெய்ஷோகு. ஒரு தட்டத்தில் சோறு, மிசோ சூப், ஒரு முக்கியப் பண்டம், ஒன்றிரண்டு சின்னத் தொட்டுக்கைகள், ஊறுகாய். டோக்கியோவில் 900 முதல் 1,300 யென் வரை ஆகும். முக்கியப் பண்டம் எதுவோ அதுதான் தெய்ஷோகுவின் பெயர். உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி என்றால் சாபா ஷியோயாகி. பொரித்த கோழி என்றால் கராஆகே. ஷோகாயாகி என்பது இஞ்சிச் சாற்றில் வதக்கிய பன்றி. தோன்கத்சு என்பது ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த பன்றி. கொரொக்கே உருளைக்கிழங்கு வடைபோல் இருந்தாலும் உள்ளே கொத்துக்கறி கலந்திருப்பது சகஜம். ஹம்பாகு என்றால் மாட்டுக் கொத்துக்கறி, பல கடைகளில் பன்றியும் கலந்தது.

தட்டம் வந்ததும் சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், சூப் வலப்பக்கம், முக்கியப் பண்டம் பின்னால் என்று இருக்கும். அந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சோற்றுக் கிண்ணத்தை இடக்கையில் தூக்கிப் பிடித்துத்தான் சாப்பிடுவார்கள், கீழே வைத்துக் குனிந்து அல்ல. சூப்புக்குக் கரண்டி தர மாட்டார்கள். கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்துக் குடிக்க வேண்டும். அடியில் கிடக்கும் தோஃபுவையும் கடற்பாசியையும் குச்சியால் எடுத்துக்கொள்ளலாம்.

பிசைந்து சாப்பிட்டுப் பழகிய நமக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். சோற்றின் மேல் எதையாவது ஊற்றத் தோன்றும். சூப்பை ஊற்றாதீர்கள், சோயா சாஸையும் ஊற்றாதீர்கள். இந்தச் சோறு குட்டை அரிசி, ஒட்டும் தன்மை உடையது. வெறும் சோறாகவே அதற்கு ஓர் இனிப்பு உண்டு. மீனின் உப்பும் ஊறுகாயின் உப்பும் அந்த வெறும் சோற்றுக்குக் கணக்காகவே போடப்பட்டவை. மீன் ஒரு வாய், சோறு ஒரு வாய், சூப் ஒரு மடக்கு, மறுபடி மீன் என்று மாறி மாறிச் சாப்பிட்டால் மூன்றும் சேர்ந்து முடியும். மீனை முதலில் முடித்துவிட்டால் கடைசியில் வெறும் சோறுதான் மிஞ்சும்.

கானாங்கெளுத்தியைக் குச்சியால் சாப்பிடுவது பலருக்குப் பயம். பாதி மீனைத் தோல் மேலே தெரிய வைத்திருப்பார்கள். பக்கத்தில் வெள்ளை முள்ளங்கித் துருவல் ஒரு சிறு குவியல் இருக்கும். சோயா சாஸ் மூன்று நான்கு துளி அந்தத் துருவலில் விடுங்கள், மீனில் வேண்டாம். மீனில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. மீனின் நீளவாக்கில் நடுவே ஒரு கோடு தெரியும். குச்சி முனையை அந்தக் கோட்டில் அழுத்தி இரண்டாகப் பிளங்கள். முதுகுப் பக்கத்துச் சதையை இடக்கோடியிலிருந்து துண்டு துண்டாக எடுங்கள். நடுக்கோட்டை ஒட்டித்தான் நுண்முட்கள் வரிசையாக நிற்கும். அந்த மெல்லிய பட்டையை மட்டும் ஒதுக்கிவிட்டு வயிற்றுப் பக்கம் போங்கள், அங்கேதான் கொழுப்பு அதிகம். ஒவ்வொரு துண்டோடும் துளி முள்ளங்கித் துருவல் சேர்த்தால் மீனின் எண்ணெய்ப் பிசுக்கு நாக்கில் தங்காது. கருகிய தோலையும் சாப்பிடலாம், விட்டுவிடாதீர்கள்.

சில கடைகளில் சோறு மறுபடி கேட்டால் இலவசம். ‘ஒகவாரி’ என்று கிண்ணத்தை நீட்டினால் போதும். யாயோய்கென் போன்ற தொடர்க்கடைகளின் பல கிளைகளில் நாமே போட்டுக்கொள்ளும்படி சோற்றுப் பெட்டி இருக்கும். எல்லாக் கடையிலும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், முதலில் பட்டியலைப் பாருங்கள். தனியாள் நடத்தும் சின்னக் கடைகளில் சோறு கூடுதலாக வேண்டுமானால் ஆர்டர் சொல்லும்போதே ‘ஓமோரி’ என்று சொல்ல வேண்டும். ஐம்பது நூறு யென் கூடலாம்.

தெய்ஷோகு கடையின் குறை அதன் நேரம். மதியம் 11 முதல் 2 வரை, பிறகு 5 அல்லது 6 மணியிலிருந்து 9 வரை என்பதே பல சின்னக் கடைகளின் ஓட்டம். இடையில் மூடியிருக்கும். வாசலில் தொங்கும் நோரென் என்ற துணித்திரைதான் அடையாளம். திரை வெளியே தொங்கினால் திறந்திருக்கிறது. உள்ளே விளக்கு எரிந்தாலும் திரை எடுக்கப்பட்டிருந்தால் கதவைத் தள்ளாதீர்கள்.

பட்டியல் கையெழுத்தில் இருந்து படிக்க முடியாவிட்டால் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரியைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டலாம். இந்த மாதிரிகளை 1932இல் ஒரு தொழிலாகவே தொடங்கியவர் இவசாகி தாகிசோ. அவர் பிறந்த குஜோ ஹாச்சிமான் என்ற ஊரில் இன்றும் அவற்றைச் செய்கிறார்கள். மாதிரியில் இருக்கும் அளவும் தட்டில் வரும் அளவும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

ராமென்: இயந்திரத்தின் முன்னால்

ராமென் கடை வேகத்துக்கானது. எட்டுப் பத்து இருக்கைகள், எல்லாம் சமையல்காரரைப் பார்த்தபடி. கிண்ணம் வந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். நூடுல்ஸ் சூட்டில் ஊறி மென்மையாகிக்கொண்டே போகும் என்பதால் அந்த வேகம் சாப்பாட்டுக்கே தேவை. பேசிக்கொண்டு உட்கார இது இடமல்ல. நான்கு பேராகப் போனால் சேர்ந்து உட்கார இடம் கிடைக்காது. ஒரு கிண்ணத்தை இருவர் பங்கிடுவதையும் கடைக்காரர்கள் விரும்ப மாட்டார்கள், ஆளுக்கொரு கிண்ணம் வாங்க வேண்டும்.

முதல் முறை போகிறவர் தடுக்கிவிழும் இடம் வாசலில் நிற்கும் சீட்டு இயந்திரம்தான். ஐம்பது பொத்தான்கள், படம் இருக்காது, பின்னால் வரிசை நிற்கும். செய்ய வேண்டியது இவ்வளவே. முதலில் பணத்தைப் போடுங்கள், பிறகுதான் பொத்தான்களில் விளக்கு எரியும். மேல்வரிசையில் இடக்கோடிப் பொத்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் முதன்மை ராமென். எதுவும் புரியாவிட்டால் அதை அழுத்தலாம். கீழ்வரிசைகளில் 100, 150 யென் என்று மலிவாகத் தெரிபவை மேலே போடும் முட்டை, கடற்பாசித் தாள், மூங்கில் குருத்து போன்றவை. விலை குறைவென்று அதை மட்டும் அழுத்தினால் ஒரு சின்னக் கிண்ணத்தில் மூங்கில் குருத்துதான் வரும். சீட்டு விழுந்ததும் மீதிச் சில்லறைக்கான பிடியைத் திருப்ப மறக்காதீர்கள், பல இயந்திரங்களில் அது தானாக வராது.

இன்னொன்று நோட்டு. பழைய இயந்திரங்கள் பல 1,000 யென் நோட்டை மட்டுமே விழுங்கும். 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்தன. இயந்திரத்தை மாற்றச் செலவு அதிகம் என்பதால் புது நோட்டை ஏற்காத சின்னக் கடைகள் அதற்குப் பிறகும் இருந்தன. பர்ஸில் பழைய 1,000 யென் நோட்டு ஒன்றும் 500 யென் நாணயம் ஒன்றும் வைத்திருந்தால் எந்த இயந்திரத்தின் முன்னாலும் திணற வேண்டாம்.

ஒரு கிண்ணம் 900 முதல் 1,200 யென். ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் விலகுவார்கள் என்று ‘ஆயிரம் யென் சுவர்’ பற்றிக் கடைக்காரர்கள் பேசுவார்கள். அதனால் சின்னக் கடைகள் அந்த எல்லையை ஒட்டியே விலை வைக்கப் பார்க்கும். சாறு நான்கு வகை என்று பொதுவாகப் பிரிப்பார்கள்: உப்பு, சோயா, மிசோ, பன்றி எலும்பு. இந்தப் பிரிவினை ஏமாற்றும். உப்பு ராமென், சோயா ராமென் என்று பெயர் இருந்தாலும் அடியில் இருக்கும் சாறு பன்றி, கோழி எலும்பிலோ மீனிலோ எடுத்ததுதான். மேலே இருக்கும் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டால் சைவமாகிவிடும் என்று நினைப்பது தவறு. சைவர்களும் பன்றி தொடாதவர்களும் ராமெனைத் தவிர்ப்பதே சரி. அவர்களுக்கென்று பெயர்ப்பலகை போட்ட தனிக் கடைகளைத் தேடிப் போவது வேறு விஷயம்.

பன்றி எலும்புச் சாற்றில் மெல்லிய நூடுல்ஸ் போடும் ஹகாத்தா வகைக் கடையில் நூடுல்ஸ் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். ‘ஃபுத்சூ’ என்றால் சாதாரணம். ‘காத்தா’ என்றால் கொஞ்சம் விறைப்பு. முதல் முறைக்கு ‘காத்தா’ நல்லது, மெதுவாகச் சாப்பிட்டாலும் குழையாது. நூடுல்ஸ் தீர்ந்து சாறு மீதமிருந்தால் ‘கயெதாமா’ கேட்கலாம், 100 முதல் 200 யென்னுக்கு இன்னொரு கைப்பிடி நூடுல்ஸ் கிண்ணத்தில் விழும். சாற்றை முழுக்கக் குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுக்கக் குடித்தால் ஒரே வேளையில் 5 கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போகும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாதியை விட்டுவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நின்றபடி சோபா, தட்டு ஏந்தி உதோன்

ரயில் நிலையத்தை ஒட்டி நின்றபடியே சாப்பிடும் சோபா கடைகள் இருக்கும். சோபா என்பது பக்வீட் என்ற தானிய மாவில் செய்த பழுப்பு நூடுல்ஸ். சூடான சாற்றில் வெறும் சோபா 350 முதல் 500 யென், மேலே காய்கறி பஜ்ஜி போட்டால் நூறு நூற்றைம்பது கூடும். ஐந்து நிமிடத்தில் வயிறு நிறையும். சாறு முழுக்கத் தாஷி. டோக்கியோவில் சோயாவின் கருமை தூக்கலாக இருக்கும், ஒசாகா பக்கம் தெளிந்து வெளிறியிருக்கும். பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தக் கடைகளில் உதோன் கேட்பதும் ஆபத்து. பல இடங்களில் இரண்டையும் ஒரே பானை நீரில்தான் வேகவைக்கிறார்கள். ஜப்பானில் பொட்டல உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் பக்வீட்டும் ஒன்று என்பதிலிருந்தே இதை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரியும்.

உதோன் என்பது தடித்த கோதுமை நூடுல்ஸ். மருகமே செய்மென் போன்ற சுயசேவைக் கடைகளில் மொழியே தேவைப்படாது. தட்டை எடுத்து, முதல் ஆளிடம் எந்த உதோன், சிறிதா பெரிதா என்று சொல்லி, நகர்ந்துகொண்டே பஜ்ஜிகளைக் கிடுக்கியால் எடுத்து வைத்து, கடைசியில் பணம் கட்ட வேண்டும். வெங்காயத்தாளும் இஞ்சியும் இலவசம். தாஷியையும் தவிர்க்கிறவர்கள் சாறு வேண்டாம் என்று சொல்லி, வெறும் உதோன் மேல் சோயா சாஸும் இஞ்சியும் போட்டுச் சாப்பிடலாம். மேசை மீது இருக்கும் புட்டியில் தாஷி கலந்த சோயாவும் இருக்கக்கூடும், கேட்டுவிட்டு ஊற்றுங்கள். காய்கறி பஜ்ஜியும் இறால் பஜ்ஜியும் ஒரே எண்ணெயில் வேகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கியூதோன் பற்றி இரண்டு வரி போதும். சோற்றின் மேல் இனிப்பும் சோயாவும் சேர்த்து வேகவைத்த மாட்டிறைச்சி, சாதாரண அளவு சுமார் 500 யென். யோஷினோயா என்ற கியூதோன் தொடர்க்கடை 1899இல் டோக்கியோவின் நிஹொன்பாஷி மீன் சந்தையில் தொடங்கியது. மாடு சாப்பிடாதவர்களும் காலை நேரத்தில் இந்தக் கடைகளை ஒதுக்க வேண்டாம். சுட்ட சால்மன், சோறு, மிசோ சூப் கொண்ட காலைத் தட்டு பல கிளைகளில் மலிவாகக் கிடைக்கும்.

சுழல் சுஷி: குழந்தைகள் இருந்தால்

பியர் ஆலையில் புட்டிகள் பட்டையில் ஓடுவதைப் பார்த்து, அதே முறையில் சுஷித் தட்டுகளை ஓடவிட்டவர் ஷிராயிஷி யோஷியாகி. 1958இல் இன்றைய ஹிகாஷி ஒசாகாவில் அவர் திறந்த கடைதான் சுழல் சுஷிக்கு முதல் கடை. இப்போது பெரிய தொடர்க்கடைகளில் தட்டுகள் சும்மா சுற்றிக்கொண்டிருப்பது குறைந்துவிட்டது. தொடுதிரையில் படம் பார்த்து ஆர்டர் செய்தால் தட்டு நேராக நம் மேசைக்கு ஓடிவந்து நிற்கும். திரையில் ஆங்கிலம் உண்டு. அதனால் ஜப்பானிய மொழி தெரியாதவருக்கு இதைவிட எளிதான கடை இல்லை.

ஒரு தட்டில் பெரும்பாலும் இரண்டு துண்டு. மலிவான தட்டு 120 யென்னை ஒட்டித் தொடங்கும், மீனைப் பொறுத்து ஏறும். பெரியவர் ஒருவருக்குப் பத்துத் தட்டு போதும். பச்சை மீன் பிடிக்காதவர்களுக்கும் நிறைய இருக்கிறது: வெந்த இறால், நெருப்பில் வாட்டிய சால்மன், விலாங்கு, முட்டை, சோளமும் மயோனைஸும், உருளை வறுவல், உதோன். வெள்ளரிக்காய் சுருளும் நத்தோ சுருளும் சைவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பானவை. முட்டையில் தாஷி இருக்கும். வசாபி என்ற காரமான பச்சை விழுது தனிப் பொட்டலமாக வருவதால் குழந்தைகளுக்குப் பயமில்லை.

மேசையில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதில் வருவது கொதிநீர். கோப்பையில் பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டு அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துத் தேநீர் கலக்க வேண்டும். கை கழுவும் குழாய் என்று நினைத்துக் கையை நீட்டிச் சுட்டுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. உட்கார்ந்ததும் அவர்களைக் குழாய்க்கு எதிர்ப்பக்கம் உட்காரவையுங்கள். ஓடும் பட்டையிலிருந்து எடுத்த தட்டைத் திரும்ப வைக்கக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

சனி, ஞாயிறு மாலை 6 முதல் 8 வரை ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க நேரும். கடையின் செயலியில் முன்பதிவு செய்துவிட்டுப் போனால் வாசல் இயந்திரத்தில் எண்ணைப் போட்டதும் சீக்கிரம் இடம் கிடைக்கும். குழந்தைகளுக்குக் குடும்ப உணவகங்களும் ஒரு வழிதான். சாய்செரியா, குஸ்தோ போன்றவை மலிவு, பானம் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அங்கே கிடைப்பது பாஸ்தாவும் ஹம்பாகும். ஜப்பானியச் சாப்பாட்டுக்காகப் போகும் இடம் அதுவல்ல.

இசகாயா: சிவப்பு விளக்கின் கீழ்

சிவப்புக் காகித விளக்கு தொங்கினால் பெரும்பாலும் இசகாயா. மது விற்கும் கடைதான், ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாகப் பல வகைச் சாப்பாடு கிடைக்கும் இடமும் அதுவே. சின்னச் சின்னத் தட்டுகள், ஒவ்வொன்றும் 300 முதல் 800 யென், நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடலாம். சைவர்களுக்கு இது பொருந்துவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. தனித்தனிப் பண்டமாக வாங்குவதால் வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம், ஒரு சாற்றில் எல்லாம் மூழ்கியிருக்காது. உப்பிட்ட பச்சை சோயாக் காய் (எதாமாமே), குளிர்ந்த தக்காளி, மிசோ தொட்டுக்கொள்ளும் வெள்ளரி, உப்பிட்டுச் சுட்ட பச்சை மிளகாய், உருளை வறுவல், குளிர்ந்த தோஃபு. தோஃபுவின் மேல் மீன் சீவல் தூவி வரும் என்பதால் ‘கத்சுவோபுஷி நாஷி தே’ (மீன் சீவல் இல்லாமல்) என்று சொல்லுங்கள். உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றித் துண்டு கலப்பது வழக்கம், அதைத் தொடாதீர்கள். இதோடு வெள்ளைச் சோறு ஒரு கிண்ணம் கேட்டு வாங்கினால் பசி தீரும்.

கோழி சாப்பிடுகிறவர்களுக்கு யாகிதோரி, குச்சியில் கோர்த்துக் கரியில் சுட்ட கோழி. ஒரு குச்சி 150 முதல் 250 யென். தொடைக்கறி ‘மோமோ’, வெங்காயத்தாளோடு கோர்த்தது ‘நெகிமா’, தோல் ‘காவா’, கொத்துக்கறி உருண்டை ‘த்சுகுனே’. உப்பா, இனிப்புச் சாறா என்று கேட்பார்கள். தொடைக்கறிக்கு உப்பு, உருண்டைக்குச் சாறு என்பது எங்கள் தேர்வு. மதுவைத் தொடாதவர்கள் உப்பு என்று சொல்வது நல்லது. அந்த இனிப்புச் சாற்றில் மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), சாகே (அரிசி மது) இரண்டும் சேரும்.

உட்கார்ந்ததும் நாம் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணம் வரும். இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் பில்லில் ஆளுக்கு 300 முதல் 500 யென் ஏறியிருப்பதைப் பார்த்து வாக்குவாதம் செய்கிறவர்கள் உண்டு. அதன் பெயர் ஒதோஷி, இருக்கைக் கட்டணம் மாதிரி. பெரும்பாலான இசகாயாக்களில் இருக்கும், பொதுவாக மறுக்க முடியாது. அதில் மீன் இருந்தால் மாற்றித் தரக் கேட்கலாம், கட்டணம் குறையாது. மது குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்குவது மரியாதை. ஊலோங் தேநீர் எல்லாக் கடையிலும் இருக்கும். முதலில் பானம் சொல்லிவிட்டு, அது வரும் நேரத்தில் பண்டங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் மேசை நிரம்பி ஆறிப்போகும். முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டிரண்டாக.

நேரக் கணக்குக்கு அளவில்லாப் பானம் என்ற நோமிஹோதாய் திட்டம் 90 நிமிடமோ 120 நிமிடமோ இருக்கும். மேசையில் ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுக்க வேண்டும் என்பது பல கடைகளின் விதி. நால்வரில் இருவர் குடிக்காதவர்கள் என்றால் அது நஷ்டம். எப்படிப் பார்த்தாலும் ஆளுக்கு 3,000 முதல் 4,500 யென் ஆகிவிடும். பேச்சும் சேர்ந்தால் கொடுக்கும் காசுக்குத் தகும், தனியாகப் போய்ப் பசியாற்றிக்கொள்ள மட்டும் என்றால் தகாது.

புகையையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து உணவகங்களில் உள்ளே புகைப்பது பொதுவாகத் தடை. ஆனாலும் பழைய சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு, அந்த விலக்கில் வருபவை பலவும் இசகாயாக்களே. வாசலில் சிகரெட் படம் போட்ட ஒட்டி இருந்தால் உள்ளே புகை இருக்கும். 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அந்தப் பகுதிக்குள் போக முடியாது. குழந்தைகளோடு போகிறவர்கள் கதவைத் திறக்கும் முன்பே அந்த ஒட்டியைத் தேடுங்கள்.

இதே இசகாயா மதியத்தில் வேறு கடை. இரவில் சாராயம் விற்கும் பல கடைகள் 11:30க்கு வாசலில் சின்னப் பலகை வைத்து 800 முதல் 1,000 யென்னுக்குத் தெய்ஷோகு போடும். மீனும் சமையல்காரரும் இரவுக்கு உள்ளதேதான், ஒதோஷி மட்டும் இருக்காது. ஒரு கடை நன்றாக இருக்குமா என்று சந்தேகம் இருந்தால் மதியம் ஒருமுறை போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு நண்பர்களை இரவுக்கு அழைக்கலாம்.

சீட்டு இயந்திரமோ சுயசேவையோ இல்லாத எந்தக் கடையானாலும் பணம் கொடுக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். பில் மேசையில் கவிழ்ந்து கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கக் கல்லாவுக்குப் போக வேண்டும், பணத்தை அங்கிருக்கும் சின்னத் தட்டில் வைக்க வேண்டும். டிப்ஸ் கிடையாது. மேசையில் சில்லறை விட்டுவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவருவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 விழுக்காடு, கட்டி எடுத்துப் போனால் 8. ஆளைக் கூப்பிட ‘சுமிமாசென்’ என்று கொஞ்சம் உரக்கச் சொல்வதுதான் முறை. கையை மட்டும் உயர்த்திவிட்டுக் காத்திருந்தால் நெரிசலில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அலுவலகம் முடிந்து நிலையத்தில் இறங்கும்போதே மணி ஒன்பதரை என்றால் தெய்ஷோகு கடையின் திரை உள்ளே போயிருக்கும். சுழல் சுஷியில் கடைசி ஆர்டர் நெருங்கியிருக்கும். இசகாயா திறந்திருக்கும், ஆனால் தனியாளுக்கு ஒதோஷியும் பானமும் சேர்ந்து வீண் செலவு. அந்த நேரத்துக்கு நிலையத்தை ஒட்டிய சோபா கடைதான். தாஷி ஆகும் என்றால் காய்கறி பஜ்ஜி போட்ட சோபா ஒன்று சொல்லுங்கள். பஜ்ஜியின் ஒரு பாதியைச் சாற்றில் ஊறவிட்டு, மறுபாதி மொறுமொறுப்பாக இருக்கும்போதே கடித்துவிடுங்கள்.